மூளையின் மேற்பரப்புச் சிரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்பரப்புச் சிரைகள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

பெருமூளையின் ரத்தம் இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. மூளையின் வெளி அடுக்கான புறணியும், அதற்கடியில் ஏறத்தாழ 1 முதல் 2 செ.மீ. ஆழம் வரை உள்ள வெண்பொருளும் (நரம்பு இழைகள் நிறைந்த பகுதி) தங்கள் ரத்தத்தை வெளிப்பக்கமாக அனுப்புகின்றன. அந்த ரத்தத்தை வாங்கிக்கொண்டு மூளையின் மேற்பரப்பில் ஓடுபவைதான் மேற்பரப்புச் சிரைகள். அதைவிட ஆழத்தில் இருக்கும் வெண்பொருள், தலாமஸ் போன்றவற்றின் ரத்தம் உள்பக்கமாகப் போய், மூளையின் நடுவே கேலன் பெருஞ்சிரையில் சேர்ந்து, நேர் சைனஸ் என்ற ரத்தக் கால்வாய் வழியாக வெளியேறும்.

இரண்டுக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை. வெண்பொருளைக் குறுக்கே கடந்து இரு அமைப்புகளையும் இணைக்கும் மெல்லிய சிரைகள் உண்டு. சாதாரண நாட்களில் அவற்றுக்குப் பெரிய வேலை கிடையாது. ஒரு பக்கம் அடைபட்டால்தான் அவற்றின் அருமை தெரியும்.

இவை சரியாக எந்த அடுக்கில் இருக்கின்றன?

மண்டை ஓட்டைத் திறந்தால் முதலில் தெரிவது டியூரா என்ற தடித்த, வெளிர் நிற உறை. அதை வெட்டி விலக்கினால் கண்ணாடி போன்ற அரக்னாய்டு உறை. மேற்பரப்புச் சிரைகள் அந்த உறைக்குக் கீழே, மூளைத் தண்டுவட நீர் நிறைந்த இடைவெளியில் கிடக்கின்றன. உயிருள்ள மூளையில் பார்த்தால் கருநீலத்தில், தட்டையாக, கொஞ்சம் தளர்வாகத் தெரியும். பக்கத்தில் இருக்கும் தமனி சிவந்து, உருண்டு, துடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வது கடினம்.

டியூராவை நடுக்கோட்டை நோக்கிப் புரட்டும்போது ஓர் இடத்தில் கை நின்றுவிடும். மூளையின் மேல் விளிம்பிலிருந்து கிளம்பிய சிரைகள் அரக்னாய்டைத் துளைத்து டியூராவுக்குள் நுழையும் இடம் அது. இழுத்தால் சிரை கிழியும். உடற்கூறு மேசையில் கிழிந்தால் ஒன்றும் ஆகாது. அறுவை அரங்கில் கிழிந்தால் அன்றைய நாள் வேறு மாதிரி ஆகிவிடும்.

உடலின் மற்ற இடங்களில் தமனியும் சிரையும் ஜோடியாகப் போகின்றன. மூளையில்?

போவதில்லை. கைகால்களில் ஒரு தமனிக்கு இரண்டு பக்கமும் சிரைகள் ஒட்டிக்கொண்டே போகும். மூளையில் தமனிகள் அடிப்பக்கத்திலிருந்து மேலே ஏறுகின்றன. சிரைகளில் பெரும்பான்மை அந்த வழியே அடிப்பக்கம் திரும்பாமல் மேல்நோக்கி ஓடி நடுக்கோட்டுக்கோ, பக்கவாட்டில் உள்ள சைனஸ்களுக்கோ போகின்றன. அதனால் ஒரு தமனியின் எல்லையும் ஒரு சிரையின் எல்லையும் பொருந்தாது. சிரை அடைப்பால் மூளை பாதிக்கப்படும்போது ஸ்கேனில் தெரியும் பகுதி எந்தத் தமனியின் எல்லைக்குள்ளும் அடங்காமல் இருப்பது இதனால்தான். பக்கவாதத்தைப் படிக்கும் மாணவர்கள் இதை நினைவில் வைத்தால் பாதி நோயறிதல் முடிந்த மாதிரி.

வால்வு உண்டா? சுவர் எப்படி?

வால்வு கிடையாது. சுவரில் தசை மிகக் குறைவு. சிரை மிக மெல்லியது. வால்வு இல்லாததால் அழுத்தம் மாறினால் ரத்தம் எதிர்த்திசையிலும் ஓட முடியும்.

முக்கியமான சிரைகளின் பெயர்கள் என்ன?

பாடநூலில் நீண்ட பட்டியல் இருக்கும். என் யோசனை: அதை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சிரை எந்த வழியாக ஓடுகிறது என்பதைவிட எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பாருங்கள். ஓடும் வழி ஆளுக்கு ஆள் மாறும். சேரும் இடம் அவ்வளவாக மாறாது. அப்படிப் பார்த்தால் மூன்று கூட்டம்தான்.

மேல்நோக்கிப் போகும் கூட்டம்: ஒவ்வொரு அரைக்கோளத்திலும் சுமார் 8 முதல் 12 மேல் பெருமூளைச் சிரைகள். இவை பக்கவாட்டுப் பரப்பின் மேல் பகுதியிலிருந்தும், இரு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்க்கும் உட்பரப்பிலிருந்தும் ரத்தத்தைச் சேர்த்து, நடுக்கோட்டில் முன்னிருந்து பின்னாக ஓடும் மேல் சஜிட்டல் சைனஸில் கொட்டுகின்றன. நெற்றி, உச்சி, பிடரி மடல்களின் சிரைகள் எல்லாம் இதில் அடக்கம். நெற்றி மடலையும் உச்சி மடலையும் பிரிக்கும் மையப் பள்ளத்தை ஒட்டி ஓடும் ரோலாண்டோ சிரையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

முன்னும் கீழும் போகும் கூட்டம்: நெற்றி மடலுக்கும் பொட்டு மடலுக்கும் (காதருகே, நெற்றிப்பொட்டுப் பக்கம் உள்ள மடல்) நடுவே உள்ள சில்வியன் பிளவின் மேலேயே ஓடும் மேற்பரப்பு நடுப் பெருமூளைச் சிரை. சில்வியன் சிரை என்றால் எல்லோருக்கும் புரியும். இது வழக்கமாக ஸ்பீனாய்டு எலும்பின் விளிம்பை ஒட்டிப் போய்க் கேவர்னஸ் சைனஸிலோ ஸ்பீனோபெரைட்டல் சைனஸிலோ முடியும். சிலருக்கு நடு மண்டைக் குழியின் தரையில் தவழ்ந்து, மண்டை ஓட்டின் துளை வழியாக வெளியேறித் தாடைத் தசைகளுக்கு நடுவே உள்ள டெரிகாய்டு சிரைப் பின்னலில் சேர்வதும் உண்டு.

பின்னும் கீழும் போகும் கூட்டம்: பொட்டு மடலின் பக்கவாட்டிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் கிளம்பி, பிடரியில் பக்கவாட்டாக ஓடும் டிரான்ஸ்வர்ஸ் சைனஸுக்குப் போகும் சிரைகள்.

இந்த மூன்றையும் இணைக்கும் இரண்டு பெரிய இணைப்புச் சிரைகள் உண்டு. சில்வியன் சிரையை மேல் சஜிட்டல் சைனஸுடன் இணைப்பது ட்ரோலார் சிரை. அதே சில்வியன் சிரையை டிரான்ஸ்வர்ஸ் சைனஸுடன் இணைப்பது லாபே சிரை. காகிதத்தில் வரைந்து பாருங்கள்: பக்கவாட்டில் ஒரு கிடைக்கோடு, அதிலிருந்து மேலே ஒன்று, பின்னால் கீழே ஒன்று. தேர்வுக்கு இந்தப் படம் போதும்.

ட்ரோலார், லாபே யார்?

இருவரும் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்கள். பாலின் ட்ரோலார் அல்ஜியர்ஸில் பணியாற்றிய உடற்கூறியலாளர். மூளையின் சிரைகளைப் பற்றிய அவருடைய ஆய்வேடு 1868ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சார்ல் லாபே பின்புற இணைப்புச் சிரையை 1879இல் விவரித்தார். அதே குடும்பப் பெயர் கொண்ட, அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த அறுவை மருத்துவர் லியோன் லாபேயின் பெயரில் சிலர் இதைச் சேர்த்துவிடுவார்கள். சிரைக்குப் பெயர் வந்தது சார்ல் லாபேயால்.

என் ஸ்கேனில் லாபே சிரையே தெரியவில்லை என்கிறார்கள். இது குறைபாடா?

பெரும்பாலும் இல்லை. சில்வியன், ட்ரோலார், லாபே மூன்றுக்கும் நடுவே ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. ஒன்று பருத்திருந்தால் மற்றது மெலிந்திருக்கும், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பகுதியின் ரத்தம் எப்படியும் வெளியேறியாக வேண்டும். எந்தக் கிளையில் வெளியேறுகிறது என்பதுதான் மாறுகிறது. ஒருவருக்கு லாபே ஒற்றைத் தண்டாக இருக்கும், இன்னொருவருக்கு இரண்டு மூன்று சிறு சிரைகளாகப் பிரிந்திருக்கும். ஒரே ஆளின் இடது பக்கமும் வலது பக்கமும் கூட ஒத்துப்போகாது.

நடைமுறையில் இது சின்ன விஷயம் இல்லை. யாருக்கு லாபே மட்டும் பெரிதாக இருந்து மற்ற இரண்டும் மெலிந்திருக்கிறதோ, அவருக்கு அந்த ஒரு சிரையை இழப்பது பெரிய ஆபத்து. மூன்றும் நடுத்தரமாக இருப்பவர் அதே இழப்பைத் தாங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். எனவே 'லாபே சிரை இருக்கிறதா' என்ற கேள்வியைவிட, 'பொட்டு மடலின் ரத்தம் இவருக்கு எந்த வழியாக வெளியேறுகிறது' என்ற கேள்வி பயன் தரும்.

சைனஸ் என்றால் மூக்கில் சளி கட்டுமே, அதுவா?

அது வேறு. இங்கே சைனஸ் என்பது டியூராவின் இரண்டு படலங்களுக்கு நடுவே அமைந்த ரத்தக் கால்வாய். 'சைனஸில் ரத்தக்கட்டு' என்று அறிக்கையில் பார்த்துவிட்டு மூக்கு மருத்துவரிடம் போக வேண்டாம்.

பின்பக்கச் சிரைகள் ஏன் ரத்த ஓட்டத்துக்கு எதிராகச் சாய்ந்து நுழைகின்றன?

நல்ல கேள்வி. மேல் சஜிட்டல் சைனஸில் ரத்தம் நெற்றியிலிருந்து பிடரியை நோக்கி ஓடுகிறது. முன்புறச் சிரைகள் அதில் ஏறக்குறைய செங்குத்தாக நுழைகின்றன. பின்னால் போகப் போக அவை முன்னோக்கிச் சாய்கின்றன. அதாவது ஆற்று நீருக்கு எதிர்முகமாக வாய்க்கால் வந்து சேர்வது போல. சில சிரைகள் சைனஸின் பக்கச் சுவரிலேயே கொஞ்ச தூரம் ஊர்ந்துபோய்த்தான் திறக்கின்றன.

இதற்குப் பாடநூல்கள் சொல்லும் காரணம் வளர்ச்சி. கருவில் பெருமூளை பின்னோக்கிப் பெருத்து வளரும்போது, சைனஸில் ஏற்கெனவே இணைந்துவிட்ட சிரைகளின் மூளைப் பக்க முனை பின்னால் இழுபடுகிறது. சைனஸ் பக்க முனை இருந்த இடத்திலேயே நிற்கிறது. விளைவு இந்தச் சாய்வு. பிடரிப் பக்கம் இன்னொரு விநோதமும் உண்டு. சைனஸ்கள் சந்திக்கும் இடத்துக்கு முன்னால் ஏறத்தாழ 4 செ.மீ. தூரத்துக்கு மேல் சஜிட்டல் சைனஸில் பெரும்பாலும் பாலச் சிரையே (மூளையிலிருந்து டியூராவுக்குத் தாவும் சிரை) நுழைவதில்லை. மூளையின் நடுவே ஆழத்தில் உள்ள பினியல் சுரப்பிப் பகுதிக்குப் பின்பக்கமாகப் போக நினைக்கும் அறுவை மருத்துவர்களுக்கு இந்த இடைவெளி ஒரு வரம்.

பாலச் சிரை என்றால் என்ன? தலையில் அடிபட்டால் அதைப் பற்றி ஏன் பேசுகிறார்கள்?

மூளைப் பரப்பை விட்டு எழும்பி, அரக்னாய்டைத் துளைத்து, டியூராவின் கீழ்ப்படலத்துக்குள் நுழையும் வரை உள்ள அந்தக் குட்டிப் பகுதிதான் பாலச் சிரை. ஒரு முனை அசையும் மூளையில், மறு முனை மண்டை ஓட்டோடு ஒட்டிய அசையாத டியூராவில். தலை திடீரென்று நின்றாலோ சுழன்றாலோ, நீரில் மிதக்கும் மூளை ஒரு கணம் பின்தங்கி நகர்கிறது. நடுவே மாட்டிக்கொள்வது இந்தச் சிரைதான். போதாக்குறைக்கு, நீரில் கிடக்கும் பகுதியைவிட டியூராவை நெருங்கும் பகுதியில் அதன் சுவர் இன்னும் மெலிந்திருக்கிறது.

கிழிந்தால் ரத்தம் டியூராவுக்குக் கீழே பரவுகிறது. சிடி ஸ்கேனில் பிறை வடிவில் தெரிவது இதுதான். மண்டை எலும்பின் இணைப்புக் கோடுகளைக் கடந்து பரவும், நடுக்கோட்டில் உள்ள டியூரா மடிப்பைத் தாண்டாது.

முதியவர்களிடம் கதை வேறு. வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்குகிறது. நெடுநாள் மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். மூளைக்கும் டியூராவுக்கும் இடைவெளி கூடக் கூடப் பாலச் சிரை ஏற்கெனவே விறைப்பாக இழுபட்டு நிற்கிறது. கதவில் லேசாக மோதியது, தடுக்கி உட்கார்ந்தது போன்ற சிறு அதிர்ச்சியே போதும். சிரை ரத்தத்தின் அழுத்தம் குறைவு என்பதால் கசிவும் மெதுவாக இருக்கும். அடிபட்டு சில வாரங்கள் கழித்து நடை தள்ளாடுகிறது, பேச்சு குழம்புகிறது என்று வீட்டில் கவனிக்கிறார்கள். விழுந்தது யாருக்கும் நினைவில்கூட இருக்காது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களிடம் இதில் இரட்டிப்பு கவனம் வேண்டும்.

அடியே படாமலும் இது வரலாம். முதுகில் நீர் எடுத்த பிறகோ, மூளை நீரை வடிக்கும் குழாய் அளவுக்கு மீறி வடித்தாலோ, மூளை கீழே தொய்ந்து அதே சிரைகள் இழுபடும்.

மேற்பரப்புச் சிரை ஒன்று அடைபட்டால் என்ன நடக்கும்?

தமனி அடைபட்டால் ரத்தம் உள்ளே வராது. சிரை அடைபட்டால் வந்த ரத்தம் வெளியே போகாது. பின்னால் தேங்கும் அழுத்தத்தால் அந்தப் பகுதி வீங்குகிறது, நுண்குழாய்கள் கசிகின்றன, சில சமயம் ரத்தமே சிந்துகிறது. சின்ன சிரை அடைபட்டு, பக்கத்து இணைப்புகள் நன்றாக இருந்தால் ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

தனியாக ஒரு புறணிச் சிரை மட்டும் அடைபடுவது அரிது. பெரும்பாலும் அதன் அருகிலுள்ள சைனஸிலும் ரத்தக்கட்டு இருக்கும். 2004இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு மூளையின் சிரைகளிலோ சைனஸ்களிலோ ரத்தக்கட்டு வந்த 624 பெரியவர்களைப் பின்தொடர்ந்தது. அவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்குத் தலைவலி இருந்தது. சுமார் நான்கில் மூன்று பேர் பெண்கள். கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள், கருத்தடை மாத்திரை ஆகியவை ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டுவது இதற்கு முக்கியக் காரணம். கடைசிக் கணக்கில் சுமார் 13 சதவீதம் பேர் இறந்தோ பிறர் துணையின்றி வாழ முடியாத நிலையிலோ இருந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிட்டார்கள். தமனி அடைப்பால் வரும் பக்கவாதத்தோடு வைத்துப் பார்த்தால் இது நம்பிக்கை தரும் கணக்கு.

புறணிச் சிரை சம்பந்தப்படும்போது வலிப்பு வருவது சகஜம், ஏனென்றால் எரிச்சலடைவது புறணிதான். சிகிச்சையின் முதல் படி ஹெப்பாரின் போன்ற உறைவுத் தடுப்பு மருந்து. ஸ்கேனில் கொஞ்சம் ரத்தக்கசிவு தெரிந்தாலும் பெரும்பாலும் இதைக் கொடுக்கிறார்கள். கேட்பவருக்கு விபரீதமாகத் தோன்றும். ஆனால் கசிவுக்கே காரணம் முன்னால் இருக்கும் அடைப்பு.

புதிதாகத் தொடங்கி, நாளுக்கு நாள் கூடி, படுத்தால் மோசமாகும் தலைவலி. கூடவே வலிப்போ, பார்வை மங்கலோ, ஒரு பக்கத் தளர்ச்சியோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். பிரசவித்து சில வாரங்களே ஆன பெண்ணுக்கு என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறுவையில் எந்தச் சிரையை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது?

சுருக்கமான பதில்: வெட்டாமல் முடிந்தால் எதையும் வெட்டாமல் இருப்பதே நல்லது. மற்றபடி, நெற்றிப் பக்கத்தில், மண்டையின் கொரோனல் இணைப்புக்கு (நெற்றி எலும்பும் உச்சி எலும்புகளும் சேரும் கோடு) முன்னால் உள்ள பாலச் சிரைகளை இழப்பதைப் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். மேல் சஜிட்டல் சைனஸின் முன் மூன்றில் ஒரு பங்குக்கும் ஏறக்குறைய அதே விதி. அதற்குப் பின்னால் நிலைமை தலைகீழ். ரோலாண்டோ சிரையை இழந்தால் எதிர்ப்பக்கக் கை கால் செயலிழக்கலாம். இடது லாபே சிரை பாதிக்கப்பட்டால் பொட்டு மடல் வீங்கிப் பேச்சு போகலாம்.

லாபேயின் தொல்லை என்னவென்றால், அதை யாரும் வேண்டுமென்று வெட்டுவதில்லை. மண்டையின் அடித்தளத்தில் உள்ள கட்டியை எடுக்கப் பொட்டு மடலைத் தூக்குவார்கள். தூக்கும்போது டிரான்ஸ்வர்ஸ் சைனஸில் பொருந்தியிருக்கும் முனை இழுபட்டுக் கிழிந்துவிடும். எனவே தூக்குவதற்கு முன்பே அரக்னாய்டை நறுக்கி அந்தச் சிரைக்குக் கொஞ்சம் நீளம் எடுத்துக்கொடுப்பது வழக்கம். சில்வியன் பிளவைத் திறக்கும்போதும் பெரும்பாலும் சிரையின் நெற்றி மடல் பக்கமாகவே நுழைவார்கள். சிரை பொட்டு மடலோடு சேர்ந்து ஒதுங்கிக்கொள்ளும்.

உட்காரும்போதும் படுக்கும்போதும் சிரை ஓட்டம் மாறுமா?

மாறும், நன்றாகவே மாறும். படுத்திருக்கும்போது ரத்தம் பெரும்பாலும் கழுத்தின் இரு ஜுகுலர் சிரைகள் வழியாக இறங்குகிறது. எழுந்து உட்கார்ந்தால் அவை சப்பிப்போகின்றன. முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைப் பின்னல் வேலையை எடுத்துக்கொள்கிறது. தலை இதயத்துக்கு மேலே இருப்பதால் சைனஸுக்குள் அழுத்தம் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகலாம். டியூராவின் விறைத்த சுவர் சைனஸைச் சப்பிப்போகவும் விடாது. உட்கார்ந்த நிலையில் செய்யும் மூளை அறுவையில் சைனஸ் திறந்துகொண்டால் ரத்தம் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே உறிஞ்சப்படும் ஆபத்து இதனால்தான்.

இவற்றைப் பார்க்க எந்த ஸ்கேன் நல்லது?

சிரைகளைப் படமெடுக்கும் எம்ஆர் வெனோகிராம், சிடி வெனோகிராம் இரண்டுமே சைனஸ்களையும் பெரிய சிரைகளையும் நன்றாகக் காட்டும். சின்ன புறணிச் சிரையில் உள்ள ரத்தக்கட்டைப் பிடிக்க எம்ஆர்ஐயில் காந்த மாறுபாட்டுக்குக் கூர்மையான படம் உண்டு; அதில் அடைபட்ட சிரை தடித்த கறுப்புக் கோடாகத் தெரியும். சாயம் ஏற்றாத சிடியில் அதே சிரை வெள்ளைக் கயிறு போலத் தெரிவதும் உண்டு. எல்லாவற்றையும் ஓட்டத்தோடு பார்க்க வேண்டுமானால் ஆஞ்சியோகிராம்தான்: தமனியில் ஏற்றிய சாயம் சில விநாடிகளில் சிரைக்கு வந்துவிடும்; எந்தச் சிரை எந்தத் திசையில் ஓடுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். டியூராவில் தமனி நேரடியாகச் சிரையோடு இணைந்துவிடும் கோளாறில், ரத்தம் புறணிச் சிரைகளுக்குள் பின்னோக்கி ஓடுகிறதா என்பதை வைத்துத்தான் கசிவு ஆபத்தை மதிப்பிடுகிறார்கள்.

அறிக்கையில் 'ஒரு பக்க டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் சிறியது' என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பலருக்கு வலது பக்கம் பெரிது, இடது பக்கம் சிறிது. பிறவியிலேயே சிறியதா, ரத்தக்கட்டால் அடைபட்டதா என்பதுதான் கேள்வி. அதைப் படம் பார்த்தவர் பிரித்துச் சொல்லியிருப்பார்.

'வளர்ச்சி நிலைச் சிரை மாறுபாடு' என்றும் எழுதியிருக்கிறார்கள்.

வெண்பொருளில் சின்னச் சின்னச் சிரைகள் குடைக்கம்பிகளாக விரிந்து ஒரே தண்டில் சேர்ந்து, மேற்பரப்புச் சிரையிலோ ஆழ்சிரையிலோ கலக்கும் அமைப்பு அது. அந்தப் பகுதியின் இயல்பான வடிகாலே அதுதான், எனவே அதை அகற்றக் கூடாது. அகற்றினால் அங்கே மூளை வீங்கிவிடும். தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டால் பெரும்பாலும் விட்டுவிடலாம். பக்கத்தில் கேவர்னோமா எனப்படும் ரத்தக்குழாய் முடிச்சு இருக்கிறதா என்று மட்டும் மருத்துவர் பார்ப்பார். கசிந்தால் வழக்கமாக அதிலிருந்துதான் கசியும்.